நாலு மணி டெஸ்டிங்

பிள்ளைகளா,

போன ஞாயிற்றுக்கிழமை தேனி மண்டபத்தில் நடந்த பாராட்டு விழாவில் நீங்கள் ரெண்டு பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியதை நான் மிக்சருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பட்டுச் சால்வையும் ஆளுயர மாலையுமாக நின்ற அந்த மனிதர், "அந்தக் காலத்திலேயே, பாட்டே இல்லாமல், வெறும் ஒலிகளை மட்டும் வைத்து ஒரு புதுமையான இசையை நான் இந்த மண்ணுக்குத் தந்தேன்" என்று சொன்னார். சின்னவன் உடனே என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்பாவும் அதில் இருந்தாரோ என்று அவன் முகத்தில் ஒரு பெருமை. நான் அவருடைய மைக்குக்கு எக்கோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அவருக்கு எக்கோ பிடிக்கும். ஒரு தடவை சொன்னதே நாலு தடவை கேட்கும் அல்லவா.

சாயங்காலம் பஸ்ஸில் பெரியவள் கேட்டாள்: "அப்பா, அந்தப் பாட்டில்லாத இசை எப்படி இருக்கும்? நீங்க கேட்டிருக்கீகளா?" பஸ்ஸில் சொல்கிற விசயமில்லை அது. அதனால் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். விசயத்தைத் திருத்த வேண்டாம்.

முதலில் அந்தக் குழுவைப் பற்றிச் சொல்கிறேன். தொண்ணூற்றேழு வாக்கில் நான் அதில் சேர்ந்தேன். மைக் செட் வேலை. கம்பத்திலிருந்து ஒரு மெட்டடோர் வேன் கிளம்பும். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர், பாக்ஸ்கள், குழாய் ஸ்பீக்கர்கள், ஒயர் மூட்டை. திருவிழா, காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று எது கூப்பிட்டாலும் போய் சினிமாப் பாட்டுப் பாடிவிட்டு வருவோம். அந்தச் சால்வைக்காரர்தான் முதலாளி, அவரே முதன்மைப் பாடகர். தலைவர் என்று கூப்பிடுவோம்.

தலைவருக்கென்று சொந்தமாக ஒரு குரல் இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எந்தப் பாடகர் பாடிய பாட்டோ அந்தப் பாடகர் மாதிரியே பாடுவார். மூச்சு விடுகிற இடம் கூட அதே இடம். இருமும்போது மட்டும்தான் அவராக இருப்பார். இதை ஒரு பெரிய திறமை என்று ஊரெல்லாம் மெச்சினார்கள். "கண்ண மூடிக் கேட்டா அப்படியே கேசட்டுதாம்ப்பா" என்பார்கள். கேசட்டையே கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றும். சொன்னதில்லை. சம்பளம் வாங்குகிறவன்.

கேசட் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு சோகப் பாட்டை அவர் எங்கள் வேனில் ஓடிய கேசட்டிலிருந்து பாடம் பண்ணினார். அந்தக் கேசட்டில் சரணத்துக்கு நடுவில் டேப் இழுத்துப்போயிருந்தது. அந்த இடம் வந்தால் பாடகரின் குரல் நனைந்த வேட்டி மாதிரி தொங்கும். தலைவர் அந்தத் தொங்கலையும் பாட்டு என்று நினைத்துப் படித்துவிட்டார். சின்னமனூரில் தொங்கினார், கூடலூரில் தொங்கினார், போடியில் தொங்கினார். வருசக்கணக்காக அதே இடத்தில் தொங்கினார். கேட்கிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் கண் கலங்கும்.

இனி டெஸ்டிங்குக்கு வருகிறேன்.

கச்சேரி சாயங்காலம் ஏழு மணிக்கு என்றால் செட் போடுகிற நாங்கள் மதியமே போய்விடுவோம். தென்னையிலும் கோயில் முகப்பிலும் குழாய் கட்டி, மேடையில் ஒயர் இழுத்து முடிக்க நாலு மணி ஆகும். அதற்குப் பிறகு டெஸ்டிங். எல்லாக் கருவியும் ஒழுங்காகக் கேட்கிறதா என்று வாசித்துப் பார்ப்பது. தலைவர் அந்த நேரத்தில் விழாக் கமிட்டிக்காரர் யாராவது ஒருத்தர் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கடியில் படுத்திருப்பார். ஆறு மணிக்கு, சிவப்புக் கோட்டும் வெள்ளை ஷூவுமாகத்தான் வருவார். அவர் வருகிறவரை மேடை எங்களுடையது.

டெஸ்டிங்குக்கு மூன்று பேர் இருப்பார்கள். கீபோர்டு வாசிக்கிற தம்பி போடிக்காரர். கடைவீதியில் அவர்களுக்குப் பாத்திரக் கடை. புரொட்டஸ்டண்ட் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் ஆர்கனை அவர்தான் வாசிப்பார். பேஸ் கிட்டார் வாசிக்கிறவருக்கு ஊர் மலையடிவாரத்து லோயர் கேம்ப், அப்பாவுக்கு அங்கே மின்சார வாரியத்துப் பவர் ஹவுஸில் வேலை. டோலக் வாசிக்கிறவர் வருசநாட்டுப் பக்கம். பேச்சே கிடையாது. கேட்டால் "ம்" என்பார். கேட்காவிட்டால் அதுவும் கிடையாது.

ஒரு நாள் வருசநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் எடுத்திருந்தோம். எர்த் சரியில்லை. ஆம்ப்ளிபயரைப் போட்டதும் எல்லாக் குழாயிலும் 'உம்ம்ம்' என்று ஒரே உறுமல். நான் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறுமல் வந்தால் தலைவர் என் குலத்தையே இழுத்துத் திட்டுவார்.

லோயர் கேம்ப்காரர் கையைத் தூக்கினார். "அண்ணே, நிப்பாட்டாதீக. அப்படியே விடுங்க."

"ஏப்பா, தலைவர் காதுல விழுந்தா என்னைய உரிச்சிருவாரு."

"அவரு குறட்டையில இருப்பாரு. இது எங்க ஊர்ச் சத்தம்ணே. பவர் ஹவுஸ் ஓடுனா ராத்திரி பகலா வீட்டுச் செவுரு இப்படித்தான் பேசும். லீவுக்கு வெளியூர் போனா இந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வராது."

சொல்லிக்கொண்டே ஒரு தந்தியைத் திருகித் திருகி அந்த உறுமலோடு சேர்த்து நிறுத்தினார். ரெண்டும் ஒன்றானதும் உறுமலில் இருந்த எரிச்சல் போய்விட்டது. கீபோர்டுத் தம்பி சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு கட்டை. டோலக்காரர் தட்டுவதை விட்டு நகத்தால் தோலைச் சுரண்டினார், அப்புறம் விரல் நுனி, அப்புறம் உள்ளங்கை. ஆடுகிற தாளம் இல்லை அது. கொடியில் காய்கிற துணியைக் காற்று அடிக்குமே, விட்டு விட்டு, அந்த மாதிரி.

எப்படி இருக்கும் என்று பெரியவள் கேட்டாளே. எனக்குச் சொல்லத் தெரிந்த வரையில் இதுதான். பாட்டு என்றால் அடுத்தது என்ன வரும் என்று தெரிந்துகொண்டே கேட்போம். இதில் அடுத்தது தெரியாது, ஆனால் வந்த பிறகு அது வராமல் இருந்திருக்க முடியாது என்று தோன்றும். அவ்வளவுதான். மேற்கே மலைக்கு மேல் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வந்த பெண்கள் தூக்குச்சட்டியோடு ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஏ ஆத்தா, யாருக்கும் என்னமும் ஆகிப்போச்சா? பாடவே காணோம்."

"ஆமா, நீ ஒருத்தி. செத்த வீட்டுக்கா டோலக்கு அடிப்பாக? சும்மா கேளுடி."

"கேட்டா என்னமோ பண்ணுதுக்கா."

"பண்ணட்டும். காசா கேக்குறாக?"

ஆறு மணி ஆனதும் தலைவரின் வெள்ளை ஷூ தூரத்தில் வருவது தெரிந்தது. மூன்று பேரும் கையை எடுத்தார்கள். நான் பிடுங்க வேண்டிய ஒயரைப் பிடுங்கினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் நாலு மணிக்கு இதுதான். நல்ல எர்த் கிடைத்த ஊரில் உறுமல் வராது. அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஒரு முனை மிக்சரில் மாட்டியிருக்கிற ஒயரின் மறுமுனையை, சும்மா கிடக்கிற அந்த ஜாக்கை, கட்டைவிரலால் தொட்டால் போதும், பாக்ஸ் உறுமும். மைக் செட்காரன் எவனுக்கும் தெரிந்த சங்கதிதான். விரலை வைத்திருக்கிறவரை உறுமும், எடுத்தால் நிற்கும். ஆக நானும் அதில் வாசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் நான் வாசித்த ஒரே வாத்தியம் என் கட்டைவிரல்.

ராத்திரி கச்சேரியில் மிக்சரில் உட்கார்ந்து அதே பாட்டுகளை அதே வரிசையில் கேட்கும்போது, நாளைக்கு நாலு மணி எப்போது வரும் என்று இருக்கும். கொஞ்ச நாளில் நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது. உத்தமபாளையத்தில் சைக்கிளில் வந்த ஒருத்தர் என்னிடம், "அண்ணே, இன்னைக்கு டெஸ்டிங்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டார். ஏழு மணிக் கச்சேரிக்கு இருப்பீர்களா என்று கேட்டேன். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்ண்ணே" என்றார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இதில் ஒரு குறை இருந்தது. டெஸ்டிங் ஒரு நாளும் முடிந்ததில்லை. தலைவர் வந்துவிடுவார், அறுந்துபோகும். எப்படி ஆரம்பிக்கும், எப்படி ஏறும் என்று மூன்று பேருக்கும் தெரியும். எப்படி முடியும் என்று தெரியாது. போடித் தம்பிக்கு அது உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. "ஒரே ஒரு தடவை, ஆளுக உக்காந்திருக்கையில, கடைசி வரைக்கும் வாசிச்சுப் பாத்துரணும்ண்ணே" என்பார். அவர் கேட்டது அவ்வளவுதான். காசு கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை.

வம்பு பிள்ளையார் பாட்டு வழியாக வந்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். குழாய் கட்டினால் முதலில் பிள்ளையார் பாட்டுத்தான் போடவேண்டும். அதற்கு முன்னால் 'ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்' வரைக்கும் சாமி பொறுத்துக்கொள்ளும். ஒரு ஊரில் நாட்டாமைக்காரர் தலைவரிடம் முறையிட்டுவிட்டார். "பிள்ளையார் பாட்டுக்கு முந்தி மணிக்கணக்கா என்னமோ ஊளையிடுதாக. ஊருக்கு ஆகுமாய்யா?" அப்போதுதான் தலைவருக்கே விசயம் தெரியும். கூடவே, அந்த ஊளையைக் கேட்கக் கூட்டம் நிற்கிறது என்பதும் யாரோ சொல்லித் தெரிந்தது. முதலாவது அவருக்குக் கோபம் தரவில்லை. ரெண்டாவதுதான் தந்தது.

வேனுக்குப் பக்கத்தில் வைத்துப் பஞ்சாயத்து நடந்தது.

"தம்பி, பாட்டுன்னா ஒரு வாய் அசையணும். வாயே அசையாம என்னய்யா பாட்டு?" என்றார் தலைவர்.

"பாட்டுன்னு நாங்க சொல்லலியே தலைவரே."

"அப்ப என்ன எழவு அது?"

"தெரியல. முடிஞ்சாத்தான் தெரியும்."

"தெரியலையாம்ல!" என்று தலைவர் எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். நாலைந்து பேர் கூடவே சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

போடித் தம்பி சிரிப்பு அடங்குகிறவரை நின்றார். பிறகு, "பிள்ளையார் பாட்டுக்கு முன்னாடி வாசிச்சாத்தான தப்பு? பின்னாடி வாசிக்கிறோம். மேடையில. பத்து நிமிசம் குடுங்க" என்றார்.

தலைவர் யோசித்தார். அவர் யோசித்தால் அதில் ஒரு கணக்கு இருக்கும். தேனியில் ஒரு பெரிய மண்டிக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. போடித் தம்பி ஞாயிறு காலையில் எங்கேயும் வரமாட்டார். அந்த ஞாயிறு ஈஸ்டர் வேறு.

"ஞாயித்துக்கெழம காலையில தேனிக் கல்யாணத்துக்கு வா. அனுமந்தன்பட்டித் திருவிழாவுல பத்து நிமிசம் உனக்கு" என்றார் தலைவர்.

எங்களுக்கெல்லாம் என்னவோ போல் ஆகிவிட்டது. ஈஸ்டர் காலையில் கோயில் நிறைந்திருக்கும், ஆர்கனில் வேறு ஆள் கிடையாது. அவருடைய அப்பா அந்தக் கோயிலில் பெரிய மனிதர். தம்பி ஒயர் மூட்டையைத் தூக்கி வேனில் வைத்தார். "சரி" என்றார்.

ஈஸ்டர் அன்று மண்டிக்காரர் வீட்டு வரவேற்பில் அவர் வாசித்தார். சாப்பிடுகிற சத்தத்தில் ஒருத்தர் காதிலும் அது விழவில்லை. மறுவாரம் அவரைப் பார்த்தபோது வீட்டில் எப்படி என்று கேட்டேன். "அப்பா கடையில சாவிய மேசையில வைக்கிறாரு, நான் எடுத்துக்கிறேன். கையில குடுக்குறதில்ல" என்றார்.

அனுமந்தன்பட்டிக்குப் போகிற வழியில் அவர் வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, முடிவு யோசிச்சு வச்சிருக்கேன். மொதல்ல டோலக்கு நிக்கும். அப்புறம் நான் கையை எடுத்துருவேன். அப்புறம் பேஸ். உங்க உறுமல் மட்டும் தனியா நிக்கும். ஆளுக அதக் கேக்கட்டும். கொஞ்ச நேரங் கழிச்சு நீங்க அத எறக்கணும். வெடுக்குனு விரல எடுத்துறாதீக. விரலு அங்கனயே இருக்கட்டும், இன்னொரு கையால வால்யூம மெதுவா, எங்க நின்னுச்சுன்னே தெரியாம எறக்கணும். முடிவு உங்க கையிலதான் இருக்கு."

"நானா? நான் செட்டுக்காரன்ப்பா."

"அதனாலதான் சொல்றேன். நீங்கதான வால்யூம்ல கைய வச்சிருக்கீக."

சாயங்காலம் ஏழு மணி. கோயில் திடல் நிறைந்திருந்தது. நெல் அறுத்த வயலில் கூட ஆட்கள் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையார் பாட்டைத் தலைவர் பாடினார். யாரோ ஒரு பாடகரின் பக்தியோடு பாடினார். முடித்துவிட்டு மைக்கில், "இப்போது நம் குழுவின் தம்பிமார்கள் ஒரு சிறிய வித்தை காட்டுவார்கள்" என்றார். கழைக்கூத்துக்குச் சொல்கிற மாதிரி. மேடையின் ஓரத்தில் போய் நின்றுகொண்டார்.

நான் ஜாக்கில் கட்டைவிரலை வைத்தேன். உறுமல் எழும்பியது. பேஸ் சேர்ந்தது. கீபோர்டில் அந்த ஒற்றைக் கட்டை.

முதலில் கசமுசா என்று பேச்சு இருந்தது. சிரிப்பும் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது குறைந்தது. டோலக்காரர் நகத்தால் ஆரம்பித்தபோது அந்தச் சுரண்டல் திடலின் கடைசி வரைக்கும் கேட்கிற அளவுக்குச் சத்தம் அடங்கியிருந்தது. ஐஸ் வண்டிக்காரர் மணியடிப்பதை நிறுத்திவிட்டு வண்டியிலேயே சாய்ந்து நின்றார். அத்தனை பேர் வாயை மூடி உட்கார்ந்திருந்ததை நான் எந்தக் கச்சேரியிலும் பார்த்ததில்லை. உறுமல் ஏறி, பேஸ் அதற்குக் கீழே போய், கீபோர்டு மேலே போய், நடுவில் ஒரு பெரிய இடம் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. டோலக் அந்த இடத்தில் நடந்தது. பிறகு டோலக் நின்றது. முடிவு ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இடது கட்டைவிரல் ஜாக்கில், வலது கை வால்யூமில். தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் அத்தனை வருசமாகப் பாடினாரே, ஒரு தடவை கூடத் தனக்கு முன்னால் ஒரு கூட்டம் அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்தது விசில் ஒன்றுதான். விசில் வந்தால் பிடித்திருக்கிறது, வராவிட்டால் ஏதோ கெட்டுவிட்டது. இங்கே விசிலும் இல்லை, கத்தலும் இல்லை; போதாததற்கு டோலக் நின்றுவிட்டது, குழாயில் உறுமல் வேறு வருகிறது. அவர் பதறிப்போய் மேடையின் ஓரத்திலிருந்து என் பக்கம் குனிந்து, திடலுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

"ஏலே, செட்டு அவுட்டா? உறுமுதுல்ல! பிடுங்குடா அத!"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். ரெண்டு கையும் வேலையில் இருந்தன. அவர் பார்க்கவில்லை. பாய்ந்து நடு மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மன்னிக்கணும் மன்னிக்கணும், சின்னக் கோளாறு. கவலைப்படாதீர்கள் ரசிகப் பெருமக்களே, நான் இருக்கிறேன்!" என்று சொல்லி, டிரம்ஸ்காரருக்குக் கையைக் காட்டி, குத்துப்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார்.

டிரம்ஸ் முதல் அடி விழுந்ததும் கூட்டம் விசிலடித்தது. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அதே கூட்டம். ஒரு நிமிசத்துக்கு முன்னால் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்த அதே ஆட்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு எழுந்தார்கள். சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஐஸ் வண்டிக்காரர் மணியடிக்க ஆரம்பித்தார். ஒருத்தராவது "இரப்பா, அது முடியட்டும்" என்று சொல்லவில்லை. பிடித்திருந்தது அவர்களுக்கு, எனக்குச் சந்தேகமே இல்லை. பிடித்ததைப் பிடித்தது என்று சொல்வதற்கு யாராவது டிரம்ஸ் அடிக்க வேண்டியிருந்தது. தலைவரை நான் மட்டமாக நினைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் திடலையும் நான் அவரோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

போடித் தம்பி கையைக் கட்டையிலிருந்து எடுத்தார். ஒரு நிமிசம் மடியில் வைத்திருந்தார். பிறகு குத்துப்பாட்டுக்கு வாசித்தார். அன்று முழுக்க எல்லாப் பாட்டுக்கும் வாசித்தார். ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை.

கச்சேரி முடிந்து ஒயர் சுற்றும்போது தலைவர் கோட்டைக் கழற்றி விசிறிக்கொண்டே வந்தார். "பாத்தியாடா? நான் மட்டும் பாயலன்னா இன்னைக்குக் கல்லெறிதான். சனம் அப்படியே செத்துப்போய் உக்காந்திருச்சு."

லோயர் கேம்ப்காரர், "சாகல தலைவரே, கேட்டுக்கிட்டிருந்தாக" என்றார்.

"கேட்டா கையத் தட்ட மாட்டானா? எனக்குத் தெரியாத சனமா?"

வருசநாட்டுக்காரர் அன்றைக்குத்தான் ஒரு முழு வாக்கியம் பேசினார். "ஒங்களுக்குத் தெரிஞ்ச சனம் அப்புறம்தான் வந்துச்சு" என்றார். தலைவருக்கு அது புரியவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தம்பி கீபோர்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவரே சொன்னார்: "இன்னும் கொஞ்ச நேரந்தாண்ணே. நான் கைய எடுக்கப் போனேன்."

"பாத்தேன்ப்பா."

"முடிவு நல்லா இருந்திருக்குமா?"

"தெரியலியேப்பா."

"எனக்கும் தெரியாமப் போச்சே" என்றார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் தலைவர், பிளாப்பி போட்டால் தானே தாளமும் பேஸும் சேர்த்து வாசிக்கிற ஒரு கீபோர்டு வாங்கிவிட்டார். அதை இயக்க ஒரு ஆள் போதும், அந்த ஆளுக்கு வாசிக்கத் தெரிய வேண்டியதுமில்லை. தலைவருக்கு ஏற்ற கருவி. அதுவும் சொந்தக் குரல் இல்லாதது. லோயர் கேம்ப்காரர் குமுளியில் ஒரு ஓட்டலில் மேனேஜராகப் போய் இப்போது பாதி மலையாளம் பேசுகிறார். வருசநாட்டுக்காரர் இலவம்பஞ்சு வியாபாரம் பார்க்கிறார், கேட்டால் "ம்" என்கிறார். தம்பி பாத்திரக் கடையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வாசிக்கிறார். நாலைந்து வருசத்துக்குப் பிறகு அவருடைய அப்பா சாவியைக் கையில் கொடுத்தாராம். நானும் கொஞ்ச நாளில் குழுவை விட்டுச் சொந்தமாக மைக் செட் கடை வைத்தேன். இப்போது நான் கட்டுகிற குழாயில் நாலு மணிக்கு நீங்கள் கேட்பது 'ஹலோ ஹலோ' மட்டும்தான்.

இதுதான் அந்தச் சால்வைக்காரர் இந்த மண்ணுக்குத் தந்த புதுமையான இசை.

போன ஞாயிறு, விழா முடிந்து அவர் மேடையை விட்டு இறங்கி என்னிடம் வந்தார். என் தோளில் கையைப் போட்டு, "ஏலே, நம்ம டெஸ்டிங்கு ஞாபகம் இருக்காடா?" என்றார். நம்ம டெஸ்டிங்.

"இருக்கு தலைவரே. செட்டு அவுட்டான்னு கேட்டீகளே" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் ஏதோ தமாஷ் சொன்னதாக நினைத்துக்கொண்டார். "சாப்பிட்டுப் போடா" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார். நீங்களும் அம்மாவும் ஏற்கெனவே கீழே போய்விட்டிருந்தீர்கள். எனக்கு இலை பிடித்து வைத்துக்கொண்டு, அப்பா ஏன் இன்னும் வரவில்லை என்று சின்னவன் கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

நான் மேலே மண்டபத்தில் தனியாக இருந்தேன். நாற்காலிகளெல்லாம் காலி. மேடையில் அவருடைய படம் போட்ட பிளெக்ஸ் மட்டும் இருந்தது. மைக்குகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். ஆம்ப்ளிபயரை அணைக்கப் போன கையை நிறுத்தினேன். ஒரு ஒயரை எடுத்து அதன் முனையில் இடது கட்டைவிரலை வைத்தேன். பாக்ஸ்கள் உறுமின. காலி மண்டபம் அல்லவா, சுவரெல்லாம் பேசியது. கீழே பாத்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. கொஞ்ச நேரம் அதை அப்படியே நிற்கவிட்டேன். பிறகு விரலை எடுக்காமல், வலது கையால் வால்யூமைத் திருகி மெதுவாக, ரொம்ப மெதுவாக, எங்கே நின்றது என்று எனக்கே தெரியாத மாதிரி இறக்கினேன்.